வீட்டிலிருந்தே சுக்குமல்லி, துளசிக் கலவை விற்கத் தொடங்குவோருக்கு: திருநெல்வேலிப் பக்கத்துக்கான வழிகாட்டி

குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடியிலும், ஐயப்ப பக்தர்கள் வந்து குவிகிற கார்த்திகை, மார்கழியிலும்தான் சுக்குக் காப்பிப் பொடி நன்றாகப் போகும். தென்காசிப் பக்கம் எதைக் காய வைத்தாலும் காயாத மாதங்களும் அவையேதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில். சீசன் பார்த்து ஆசைப்பட்டு ஆனியில் துளசி பறிப்பார்கள், அரைகுறையாகக் காய்ந்ததைப் பொட்டலம் போடுவார்கள், மூன்றாவது வாரம் பூசண வாடை என்று பொட்டலம் திரும்பி வரும். ஆகவே வருஷக் கணக்கை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை காய வைத்துச் சேமிக்கும் காலம், அதன் பிறகு அரைத்து விற்கும் காலம். கலவையின் விகிதத்தை யாரிடமும் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். தொழில் நிற்பது காய வைப்பதில்தான்.

முதலில் எதைச் செய்வது

ஒரே ஒரு கலவையோடு தொடங்குங்கள். பத்து வகை வைத்தால் பத்துக்கும் சரக்கு முடங்கும், பத்துக்கும் லேபிள் அடிக்க வேண்டும், எது ஓடுகிறது என்றும் தெரியாது. நம் ஊரில் அறிமுகம் செய்யவே தேவையில்லாத பொருள் சுக்குமல்லிப் பொடி. அது ஓடத் தொடங்கிய பிறகு, இலைக் கலவை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. சுக்கு, மல்லி, மிளகு போன்ற கெட்டிப் பொருள்கள் கொதித்தால்தான் சாரம் இறங்கும். துளசி, எலுமிச்சைப் புல் போன்ற இலைகளைக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். அவற்றை வெந்நீரில் போட்டு மூடி வைத்தால் போதும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்து ஒரே பையில் போட்டால், ஒன்று சுக்கு ஏறாது, அல்லது துளசி கசந்துவிடும். கொதிக்கவிடும் பொடியில் துளசி கொஞ்சம் இருக்கலாம், அதை முதன்மைச் சரக்காக்கக் கூடாது.

சரக்கு வாங்குவது

மல்லி நம் கைக்கெட்டும் தூரத்திலேயே விளைகிறது. விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலில் மானாவாரியாக வரும் மல்லி, தை, மாசியில் அறுவடையாகிச் சந்தைக்கு வரும். வருஷத் தேவையை அப்போதே புது மல்லியாக வாங்கினால் மணமும் நிற்கும், விலையும் கட்டும். கையில் நாலு மணி எடுத்து நசுக்கிப் பாருங்கள். எலுமிச்சையும் பச்சை மணமும் கலந்து வர வேண்டும். மண் வாடையோ புழுங்கல் வாடையோ வந்தால் அது நனைந்து காய்ந்த சரக்கு. மணியில் குண்டூசித் துளை தெரிந்தால் வண்டு உள்ளே இருக்கிறது.

சுக்கை உடைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ‘டக்’கென்று முறிய வேண்டும், வளையக் கூடாது. மேலே வெள்ளை வெளேரென்று இருப்பது சுண்ணாம்பு ஏற்றியது, அது பானத்துக்கு வேண்டாம். சுண்ணாம்பு ஏறாத சுக்கையும் தோலைச் சுரண்டிவிட்டுத்தான் அரைக்க வேண்டும் என்பது சித்த மருத்துவ மரபு. தோலில் மண்ணும் ஒட்டியிருக்கும் என்பதால் அதைக் கடைப்பிடிப்பது நல்லது. இஞ்சி வாங்கி நீங்களே சுக்காக்குவது தொடக்கத்தில் கட்டுபடியாகாது. 5 கிலோ இஞ்சி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும், வெயிலிலேயே எட்டுப் பத்து நாள் கிடக்க வேண்டும்.

மிளகு, ஏலக்காயைத் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் உள்ள பலசரக்கு, நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். ஏலக்காயைப் பொடியாக வாங்காதீர்கள், தோலோடு முழுசாக வாங்குங்கள்.

துளசியைப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் பேசி, மருந்தடிக்காமல் பத்துப் பாத்தி போடச் சொல்வதே பாதுகாப்பு. மாலைக்கு விற்கிற துளசியையும், அதேபோல ரோஜாவையும் செம்பருத்தியையும் பூச்சந்தையில் வாங்கிப் பானத்தில் போடக் கூடாது. அது சாமிக்கும் தலைக்கும் போகிற பூ. வாயில் போகும் என்று நினைத்து யாரும் பூச்சி மருந்தை நிறுத்தி வைத்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, கடைகளில் சிவப்பாகப் புளிப்பாக விற்கும் செம்பருத்தி பானம் நம் வீட்டுச் செம்பருத்தியில் வருவதில்லை. அது புளிச்சக்கீரை இனத்துச் செடியின் பூவடிப் புல்லிவட்டம். வீட்டுச் செம்பருத்தி இதழில் நிறம் வரும், அந்தப் புளிப்பு வராது.

பொதிகை மலைப் பெயரைச் சொல்லி விற்கும் ஆசை எல்லோருக்கும் வரும். காரையாறும் பாபநாசத்துக்கு மேலுள்ள காடும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. அங்கே மூலிகை பறிப்பது குற்றம். ‘மலை மூலிகை’ என்று யாராவது சாக்கில் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். செடியும் எதுவென்று தெரியாது, வழக்கும் உங்கள் மேல் வரும்.

காய வைப்பது

துளசியைப் பறித்த பிறகு கழுவினால் காய ஒரு நாள் கூடும், இலையும் கறுக்கும். முந்தின நாள் சாயங்காலம் செடியின் மேலேயே தண்ணீர் அடித்துத் தூசியைக் கழுவிவிடுங்கள். மறுநாள் காலை பனி ஈரம் போன பிறகு, எட்டு ஒன்பது மணிக்குப் பறியுங்கள். கதிர் முற்றுவதற்கு முன்னால் பறித்தால் மணம் அதிகம். கனமான காம்பை நீக்கி, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலையில் ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். கீழேயும் காற்று போக வேண்டும், அதனால் சட்டத்தைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி வையுங்கள். செய்தித்தாளில் பரப்பக் கூடாது, மை இலையில் ஏறும்.

இலையும் பூவும் நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் போட்டால் ஒரே நாளில் காய்ந்துவிடும், ஆனால் வைக்கோல் நிறமாகி, வைக்கோல் மணமே வரும். சித்திரை வெயில் காலத்தில் காற்றோட்டமான அறையில் மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள் ஆகும். ஐந்து நாளிலும் மொறுமொறுப்பு வராவிட்டால் அந்த அறையில் ஈரம் அதிகம், மின்விசிறி வையுங்கள். பச்சைத் துளசி ஐந்தாறு கிலோவுக்கு ஒரு கிலோ காய்ந்த இலை கிடைக்கும். எலுமிச்சைப் புல்லை அரை அங்குலமாக நறுக்கிப் பரப்பினால் நாலு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ.

ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. தென்காசி, செங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றிலேயே ஈரம். நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் அதே மாதங்களில் காற்று காய்ந்தே அடிக்கும், ஆனால் செம்மண் தூசியைக் கொண்டுவந்து கொட்டும். அங்கே திறந்த தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில் பரப்பினால் இலையோடு மண்ணையும் சேர்த்துக் காய வைத்த மாதிரிதான். வலைத்துணி போட்ட அறையோ, பாலித்தீன் தாள் மூடிய சூரிய உலர்த்திக் கூடாரமோ வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மாவட்டம் முழுக்க வெளியில் எதையும் பரப்பாதீர்கள்.

தொழில் நிலைத்த பிறகு தட்டு வைத்த மின் உலர்த்தி வாங்கலாம். துளசிக்கு 40 முதல் 45 டிகிரி, அதற்கு மேல் போனால் எண்ணெய் பறந்துவிடும். இஞ்சிச் சீவலுக்கு 55 முதல் 60. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் இஞ்சியின் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். கையில் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், பத்து நாள் கழித்து டப்பாவுக்குள் பூசணம் பூக்கும்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள இரண்டு சோதனை போதும். ஒரு தட்டை மட்டும் அடையாளம் வைத்து, காலையும் மாலையும் எடை போடுங்கள். மூன்று முறை தொடர்ந்து ஒரே எடை காட்டினால் காற்று எடுக்கக்கூடிய ஈரம் போய்விட்டது. பிறகு ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி இரண்டு நாள் நிழலில் வையுங்கள். உள்பக்கம் ஆவி படிந்தாலோ, மொறுமொறு இலை மறுபடி துவண்டாலோ இன்னும் காய வேண்டும். ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது பொது அளவு. முதல் தொகுதியை மட்டுமாவது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து ஈரப்பதம் பார்த்துக்கொண்டால், உங்கள் கைக்கணக்கு சரியா என்று தெரிந்துவிடும்.

அரைப்பதும் கலப்பதும்

ஒரு கிலோ சுக்குமல்லிப் பொடிக்கு: மல்லி 550 கிராம், தோல் சுரண்டிய சுக்கு 250, சீரகம் 80, மிளகு 60, காய்ந்த துளசி 40, ஏலக்காய் 20. சளிக் காலத்துக்குக் காரம் கேட்பார்கள், அப்போது மல்லியில் 20 கிராம் குறைத்து மிளகில் கூட்டலாம். அதற்கு மேல் போனால் குழந்தைகள் குடிக்க மாட்டார்கள், வீட்டில் இரண்டாவது பொட்டலம் வாங்க மாட்டார்கள்.

மல்லியையும் சீரகத்தையும் சுளகில் புடைத்துக் கல், காம்பு நீக்கி, சிறு தீயில் நாலைந்து நிமிடம் வெதுப்புங்கள். சிவக்க வறுத்தால் சாம்பார்ப் பொடி வாசம் வந்துவிடும், பிறகு எந்த ஏலக்காயாலும் அதை மறைக்க முடியாது. வெதுப்புவது மிச்ச ஈரத்துக்கும், கண்ணுக்குத் தெரியாத வண்டு முட்டைக்கும். நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சுக்கை முதலில் உரலிலோ இடிப்பானிலோ ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். முழுசாகப் போட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும், நாரும் திரியும்.

மாவு மில்லில் கொடுப்பதாக இருந்தால், மிளகாய் வத்தல் அரைத்த கையோடு உங்கள் சரக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு வாய் குடித்ததும் தொண்டை எரியும். காலையில் முதல் ஆளாகப் போய், அரைக் கிலோ பச்சரிசியை முன்னால் ஓட்டிக் கழித்துவிட்டு அரையுங்கள். மாதம் 20 கிலோ தாண்டினால் சொந்தமாகச் சிறு அரவை இயந்திரம் வாங்குவதே நல்லது.

பொடி ரவைப் பதத்தில் இருக்க வேண்டும். மாவாக அரைத்தால் வடிகட்டியில் இறங்கி அடியில் சகதி தங்கும். எல்லாப் பொருளையும் ஒரே கண் சல்லடையில் சலித்த பிறகு கலப்பது முக்கியம். பருபருவென்று மல்லியும் மாவாக மிளகும் இருந்தால், வண்டியில் போகிற குலுக்கலில் மிளகு அடியில் இறங்கிவிடும். முதல் டம்ளர் சப்பென்றும் கடைசி டம்ளர் காட்டமாகவும் இருப்பதாக வாங்கினவர் சொன்னால் காரணம் இதுதான். அரைத்த பொடி சூடாக இருக்கும். அகலத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, ஏலக்காய்ப் பொடியைக் கடைசியில் கலந்து, அன்றைக்கே பொட்டலம் போட்டுவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் பைக்குள்ளேயே வேர்த்துக் கட்டி தட்டும்.

கருப்பட்டியைப் பொடியோடு கலக்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மொத்தத்தையும் பாறையாக்கிவிடும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதைத் தனிப் பொட்டலமாகப் பக்கத்தில் வைத்து விற்கலாம். செய்முறையாக லேபிளில் இப்படி எழுதலாம்: ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பொடி, ஐந்து நிமிடக் கொதி, இறக்கும்போது கருப்பட்டி.

இலைக் கலவைக்கு 100 கிராமில் எலுமிச்சைப் புல் 50, துளசி 25, காய்ந்த இஞ்சிச் சீவல் 15, தோலோடு நசுக்கிய ஏலக்காய் 10. இரண்டு கிராமுக்கு 200 மில்லி வெந்நீர், மூடி வைத்து ஐந்து முதல் ஏழு நிமிடம். நூல் கட்டிய பையில் போடுவதானால், ஸ்டேப்ளர் பின் அடிக்கக் கூடாது. அது தடை செய்யப்பட்டது.

சேர்க்கக் கூடாதவை

நிலாவரை நம் சீமைச் சரக்கு. உலகச் சந்தையிலேயே திருநெல்வேலி சென்னா என்றுதான் அதற்குப் பெயர். அதனாலேயே ‘எடை குறைக்கும்’ கலவைகளில் போடத் தோன்றும். அது பேதி மருந்து. தினம் குடிக்கும் பானத்தில் அதற்கு இடமே இல்லை. அதிமதுரமும் இனிப்புக்காகச் சேர்க்கப்படுகிறது, தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. தொடக்கத்தில் அடுப்பங்கரை அஞ்சறைப் பெட்டியில் உள்ளதையும் துளசி, புல் போன்றவற்றையும் தாண்டாதீர்கள். மருந்துச் சரக்கு சேர்ந்தால் உரிமமே வேறு வகை.

பதிவும் லேபிளும்

உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பொட்டலமும் விற்கக் கூடாது. சிறு உற்பத்தியாளருக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய், ஆண்டு விற்பனை வரம்பு 12 லட்சம் என்பதே நெடுநாள் நடைமுறையாக இருந்தது. விண்ணப்பிக்கும் அன்று, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையப் பதிவுத் தளமான ஃபாஸ்காஸில் அப்போதைய கட்டணத்தையும் வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று இருந்தால் போதும். தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டதால் ஆலங்குளம், கடையநல்லூர், சங்கரன்கோவில்காரர்கள் அந்த மாவட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

லேபிளில் ‘டீ’, ‘தேநீர்’ என்று போடாதீர்கள். தேயிலைச் செடியிலிருந்து வராத எதையும் அந்தப் பெயரில் விற்பது தவறான முத்திரையிடல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘சுக்குமல்லிப் பானப் பொடி’, ‘துளசி எலுமிச்சைப் புல் கலவை’ என்று போடுங்கள். ஆயிரம் லேபிள் அடித்த பிறகு தெரிந்துகொண்டால் காசு வீண்.

மற்றபடி பொருளின் பெயர், அளவு இறங்குவரிசையில் சேர்மானங்கள், நிகர எடை, தொகுதி எண், தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம், பதிவு எண் 14 இலக்கமும், பச்சைப் புள்ளி, உங்கள் முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை ஆகியவை இருக்க வேண்டும். ஊட்டச்சத்து அட்டவணை உங்கள் பொருளுக்குத் தேவையா என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் லேபிள் மாதிரியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். பொட்டலம் போடுபவராகச் சட்டமுறை எடையளவுப் பிரிவில் 500 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும், பொட்டலமிடத் தொடங்கி 90 நாளுக்குள். தராசிலும் முத்திரை வேண்டும். இரண்டும் தொழிலாளர் துறையில் நடக்கும்.

‘சர்க்கரை நோய் குணமாகும்’, ‘தொப்பை கரையும்’, ‘பிரஷர் குறையும்’ என்று லேபிளிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ எழுதினால் 1954-ம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டத்தில் மாட்டுவீர்கள். வாங்குகிறவர் தானாகச் சொல்வதை நீங்கள் எடுத்து விளம்பரம் போட்டாலும் அதே கதைதான். மணம், காரம், செய்முறை, எங்கே விளைந்த மல்லி என்று எழுதுங்கள். அதுவே போதும்.

பை, வண்டு, ஆயுள்

பழுப்புக் காகிதப் பை பார்க்க அழகு. உள்ளே பூச்சு இல்லாவிட்டால் சாரல் காலத்தில் ஒரு வாரம் தாங்காது. உள்ளே அலுமினியப் படலம் உள்ள, ஜிப் வைத்த நிற்கும் பையை வாங்கி, ஜிப்புக்கு மேலே சூட்டு முத்திரையும் போடுங்கள். கண்ணாடி ஜன்னல் வைத்த பை வேண்டாம், வெளிச்சம் பட்டால் துளசி வெளுக்கும். முத்திரை சரியா என்று பார்க்கத் தொகுதிக்கு ஒரு பையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வரக் கூடாது.

மல்லியிலும் சுக்கிலும் வரும் சின்னப் பழுப்பு வண்டு பிளாஸ்டிக் பையைக்கூடத் துளைக்கும். மூலச்சரக்கை வாங்கியதும் காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில், கழித்தல் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையோடு சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் சரக்கின் மேல் ஈரம் படியாது.

பொடிக்கு ஆறு மாதம் என்று தொடங்கலாம், ஆனால் சோதித்துப் பார்த்துத்தான் அச்சடிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று பொட்டலத்தை எடுத்து வைத்து, ஒன்று, மூன்று, ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காய்ச்சிக் குடியுங்கள். ஆறாவது மாதம் பிரித்ததில் மணம் போயிருந்தால் லேபிளில் மூன்று மாதம்தான். புகார் வந்தால் எந்த மல்லி, எந்த நாள் அரைத்தது என்று பார்க்கவும் இதுவே கைகொடுக்கும்.

விலையும் கடையும்

கணக்குக்காக ஒரு கிலோவுக்குச் சரக்கு 420 ரூபாய், வெதுப்பி அரைக்க 40 என்று வைப்போம். புடைத்தது, வறுத்தது, சலித்தது எல்லாம் போக 950 கிராம்தான் கையில் நிற்கும். ஆக 100 கிராமுக்கு 48 ரூபாய் 40 காசு. பை, லேபிள் 10, உங்கள் கூலி 10, போக்குவரத்தும் சேதமும் 6. அடக்கம் 74 ரூபாய் 40 காசு. பலசரக்குக் கடைக்காரர் 25 சதவீதம் கேட்பார். 100 ரூபாய் விலை போட்டால் உங்களுக்கு வருவது 75, லாபம் 60 காசு. 130 போட்டால் 97 ரூபாய் 50 காசு வரும், 23 ரூபாய் மிஞ்சும். நேரில் விற்பதற்கு மட்டும் கணக்குப் போட்டு விலை வைத்துவிட்டு, பிறகு கடைக்குப் போனால் ஏற்ற முடியாது. கூலியை எழுதாமல் விடுவதும் வழக்கமான பிசகு.

காய்ச்சி ஊற்றினால்தான் விற்கும். உழவர் சந்தை வாசல், கோயில் திருவிழா, கல்லூரி விழா எங்கே கிடைத்தாலும் ஃபிளாஸ்க்கோடு போய்ச் சின்னக் கிளாஸில் கொடுங்கள். ஆனித் தேரோட்டத்துக்கும் திருச்செந்தூர் கந்த சஷ்டிக்கும் 100 கிராமைவிட 25 கிராம் பொட்டலம் வேகமாகப் போகும். யாத்திரைக்காரர் பையில் அதுதான் அடங்கும்.

சரக்கு விற்பனையில் தமிழ்நாட்டுக்குள் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. செங்கோட்டைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஆரியங்காவு தாண்டிப் புனலூர்க் கடைக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, அதற்கு எந்த வரம்பும் இல்லாமல் பதிவு வேண்டும்.

கடையில் கொடுக்கும்போது எட்டுப் பத்துப் பொட்டலத்துக்கு மேல் முதல் தடவை கொடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீங்களே போய்ப் பாருங்கள். வெயில் படும் முன்வரிசையில் தொங்கவிட்டிருந்தால் உள்ளே மாற்றச் சொல்லுங்கள். அச்சிட்ட ஆயுளில் பாதி கடந்த பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுங்கள். எடுத்ததைப் பிரித்து அடுத்த தொகுதியில் கலக்க வேண்டாம், ஊற்றிக் கொடுக்கும் மாதிரிக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம்.